நான்காம் தொட்டியின் வாயை மறித்துக் கிடந்தவருக்கு

மேல் எகிப்தின் கரும்புக் காடுகளுக்கு நடுவே, நைல் நதியோரத்து எரிசாராய ஆலையில், பாகு புளிக்கும் நொதிக்கூடத்தை நெடுங்காலம் கட்டிக்காத்து இன்று ஓய்வுபெறும் மேற்பார்வையாளரே, ஏசினாலும் எங்களுக்கு ஏந்தலே, தலைவர் என்று பொருள்பட நாங்கள் ரய்யிஸ் என்றழைக்கும் வஹ்தான் அவர்களே, வணக்கம்!

வயலில் கரும்பு குடித்த காற்றை, அதன் பாகு புளிக்கும்போது திருப்பிக் கக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கரியமில வாயு தொட்டியின் அடியில் தண்ணீர்போல் தேங்கி நிற்பதை நினைத்தால் எங்களுக்கு இன்றும் மலைப்புதான். தாங்களோ அதனிடம் மாமனார் வீட்டில் நடப்பதுபோல் மரியாதையாக நடந்துகொண்டீர்கள்.

ஆலை எவ்வளவு கரியமில வாயு விடுகிறதென்று கெய்ரோவிலிருந்து புகைக்கணக்கு எடுக்க வந்த கனவான்கள், "இது செடியிலேருந்து வந்ததுதானே, மறுபடி செடியே குடிச்சிரும். பூஜ்யம்னு போட்டுக்கலாம்" என்றார்கள். தாங்கள் தேநீரை நீட்டியபடியே, "போட்டுக்குங்க பாஷாமாரே. தொட்டிக்குள்ள எறங்குறவன் நெஞ்சுக்குத்தான் அந்தக் கணக்கு புரியாது" என்றீர்கள்.

அதே அறுவடைப் பருவத்தில், காலியான நான்காம் தொட்டியைக் கழுவ அவசரப்பட்டு இறங்கிய ஹிஃப்னி சுருண்டு விழுந்தான். அவன் அண்ணன் தர்தீர் பின்னாலேயே குதிக்கப் பாய்ந்தான். ஒருவனைத் தூக்கப் போய் நால்வர் சாவது நம் தொழிலின் பழைய சாபம். தாங்கள் தொட்டியின் மேல்வாயில் குறுக்கே படுத்துக்கொண்டீர்கள்.

"வழிய விடுங்க ரய்யிஸ். உள்ள கெடக்கிறது என் தம்பி."

"அதனாலதான்டா விடல. உங்கம்மாவுக்கு ரெண்டு பொணமா அனுப்பச் சொல்றியா? டேய், கீழ்க்கதவத் தொறங்க, காத்துக்குழாய விடுங்க."

தர்தீர் அடித்தான், கொலைகாரன் என்றான், கையைக் கடித்தே விட்டான். தாங்கள் அசையவில்லை. நாங்கள் திறந்த கீழ்க்கதவு வழியே வாயு வழிந்தோட, ஹிஃப்னியைக் காலைப் பிடித்து இழுத்தோம். அவன் இருமிய இருமலைவிட இனிய இசையை இந்த ஆலை கேட்டதில்லை.

விஷயம் வெளியே தெரிந்திருந்தால், மேற்பார்வையாளர்மேல் கைவைத்தவனுக்கு அன்றே வேலை போயிருக்கும். மேலாளர் காயத்தைப் பார்த்துக் கேட்டபோது தாங்கள், "கழுதை கடிச்சிருச்சு" என்றீர்கள். இன்றுவரை வேறு பதில் சொன்னதில்லை. இதைவிடப் பெரிய மனத்தை நாங்கள் கண்டதில்லை.

பச்சைக் கரும்பு விடும் நல்ல மூச்சு தங்கள் நெஞ்சில் நிறைய, நோய் அண்டாமல், பேரப்பிள்ளைகளையும் இதேபோல் ஏசிக்கொண்டு பல்லாண்டு வாழ்க!

நொதிக்கூடத் தொழிலாளர் அனைவர் சார்பிலும்,

ஹிஃப்னி, தாங்கள் வெளியே இழுக்கச் சொன்னவன்.

தர்தீர், தாங்கள் உள்ளே விடாத கழுதை.