பூட்டுப் போடாத பதிவு

முதலில் ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. “தொழில்நுட்பக் காரணங்களால் பதிவு அழிந்தது” என்று உங்கள் விசாரணை அறிக்கையில் வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். தூசி தட்டி, காற்றாடி மாற்றி, பிள்ளையைப் போல அதைப் பார்த்துக்கொண்டவன் நான். பழியை அதன் தலையில் கட்டினால் எனக்குப் பொறுக்காது. அதனால்தான் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

காவல் நிலையத்தின் வீடியோ அறைக்கு நான்தான் பொறுப்பு. கேமராக்களில் ஓடுவதைக் கவனிப்பது, பதிவுகளைப் பத்திரப்படுத்துவது, பொதுமக்கள் கேட்டால் சட்டப்படி நகல் கொடுப்பது என் வேலை. பொதுமக்கள் என்றதும் நீதி தேடி அலைகிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். குடையைத் தொலைத்தவன் வருவான். மருமகள் யாருடைய பைக்கில் ஏறினாள் என்று பார்க்க மாமியார் வருவார். எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. மனுவில் தேதியை ஒழுங்காக எழுதத்தான் துப்பில்லை.

அந்தப் பெண்ணும் அப்படித்தான் வந்தாள். அவளுடைய தம்பி பார்சல் வண்டி ஓட்டுபவன். தெருச் சண்டையில் பிடிபட்டு எங்கள் லாக்கப்பில் இருந்தபோது இறந்துபோனான். தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது என்று நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு லாக்கப் வீடியோ வேண்டுமாம்.

எந்தக் கேமரா என்று குறிப்பிடவில்லை என்று சொல்லி மனுவைத் திருப்பினேன். லாக்கப்புக்குள் இருக்கும் கேமராவின் எண் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், விதி விதிதான். அடுத்த முறை உறவுமுறைச் சான்று இல்லை என்றேன். அதையும் வாங்கிக்கொண்டு வந்தாள். கையெழுத்து பொருந்தவில்லை என்றேன். சளைக்கிற ஜென்மமாகத் தெரியவில்லை. ஒருநாள் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“யார் மேலயும் கேஸ் போட வரல சார். கடைசியா அவன் யாரையாவது கூப்பிட்டானான்னு மட்டும் தெரிஞ்சா போதும்.”

“யாரையும் கூப்பிடலம்மா. நான் பார்த்தேன். தூங்கினபடியே போயிட்டாரு.”

“நிஜமாவா சார்?”

“நிஜமாத்தான். அதைப் பார்த்து நீங்க எதுக்கு மனசைக் கெடுத்துக்கணும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னாள். ஆனால் மனுவைத் திரும்பப் பெறவில்லை. நம்பினால் முழுதாக நம்ப வேண்டும். இந்த அரைகுறை நம்பிக்கையைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இனி பதிவு விஷயம். டிஸ்க் நிரம்பினால் இயந்திரம் தானாகவே பழையதன் மேல் புதியதை எழுதும். ஒரு பதிவு அழியாமல் இருக்க வேண்டுமென்றால் அதற்குப் பூட்டுப் போட வேண்டும். காவலில் ஒருவர் இறந்தால் அன்றைக்கே போட வேண்டும். நான் போடவில்லை. நானாக அழிக்கவும் இல்லை. அழித்தால் அழித்தவன் பெயரை இயந்திரம் குறித்து வைத்துக்கொள்ளும், அது தெரியாத மடையன்தான் அழிப்பான். நான் எல்லாக் கேமராக்களின் படத் தரத்தையும் உயர்த்தினேன், அவ்வளவுதான். தெளிவான படம் அதிக இடத்தைப் பிடிக்கும். டிஸ்க் சீக்கிரம் நிரம்பும். மாதக்கணக்கில் இருக்க வேண்டிய பதிவு, அவள் சான்றுக்கு அலைந்துகொண்டிருந்த நாட்களிலேயே போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்து, “மூஞ்சியில இருக்கற மச்சம்கூட தெரியுதேய்யா. இத்தனை நாளா ஏன் செய்யல?” என்று என் முதுகில் தட்டினார். அவருக்குப் படம் தெரிந்தால் போதும், அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குக் கீழே குப்பை கொட்டுகிறேன்.

அடித்தவர்களைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று நினைத்திருப்பீர்கள். அவனை யாரும் அடிக்கவில்லை. மற்றவர்களைக் காப்பாற்ற எனக்கென்ன தலையெழுத்தா?

அவன் இறந்த அன்று மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். காவலுக்கு நின்றவர் வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். திரையில் அவன் எழுந்து கேமராவுக்கு நேர் கீழே வந்து நின்றான். மூடிய கையை வாயருகே கொண்டுபோய்க் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினான். இன்ஹேலர் கேட்கிறான். பிடித்து வந்தபோது அவனிடமிருந்து எடுத்த பர்ஸ், சாவி, இன்ஹேலர் எல்லாம் என் மேசையில்தான் ஒரு தட்டில் இருந்தன.

அந்தச் சைகை எனக்குப் புதிதில்லை. என் மகளுக்கும் இளைப்பு உண்டு. பரீட்சை இருக்கும் காலையில் மட்டும் அதிகமாக வரும். சில முறை ஏமாந்த பிறகு ஒருநாள் கண்டுகொள்ளாமல் இருந்து பார்த்தேன். தானே எழுந்து, முகம் கழுவி, பள்ளிக்குப் போனாள். மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. பெற்ற பிள்ளையிடமே ஏமாறாதவன், ஊர்பேர் தெரியாத ஒருவனிடம் ஏமாறுவேனா?

“அண்ணே, அண்ணே” என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஸ்பீக்கரில் அவன் மூச்சு இரைந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். நிமிர்ந்தபோது அவன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். சாப்பிட்டு முடித்தபோது படுத்துவிட்டிருந்தான். வழிக்கு வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

பிறகு அந்தப் பதிவைப் பலமுறை ஓட்டிப் பார்த்தேன், நடிப்பு எந்த இடத்தில் முடிகிறது என்று. என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த அளவுக்குத் தேர்ந்தவனாக இருந்திருக்கிறான்.

எழுதிக்கொள்ளுங்கள். மருந்து என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் செத்தான். பதிவை இல்லாமல் ஆக்கியதும் நான்தான். எதற்கும் மறுப்பில்லை. ஆனால் அந்தப் பெண்ணிடம் நான் பொய் சொன்னதாக எழுதினால் கையெழுத்துப் போடமாட்டேன். அவன் யாரையாவது கூப்பிட்டானா என்றுதான் கேட்டாள். அவன் யாரையும் கூப்பிடவில்லை, கேமராவைத்தான் கூப்பிட்டான்.