ஐந்து நிமிடப் படம்

லோர்னா: அசையாதே, ஹால்வர். மூச்சு மட்டும் விடு.

ஹால்வர்: வர்றவங்களை எல்லாம் மிரட்டுற மாதிரியே என்னையும்...

லோர்னா: டுலூத் ஊர்லேர்ந்து வர வேண்டிய பேஷண்ட் பனியில மாட்டிக்கிட்டார். ஆள் வராட்டி நம்மள்ல ஒருத்தர் ஸ்கேனருக்குள்ள படுக்கறதுதானே வழக்கம்? நீயே ஓடி வந்து படுத்துட்டு...

ஹால்வர்: சரி, சரி. அஞ்சு நிமிஷம் ஆச்சா?

லோர்னா: ஆச்சு. ஒரு நிமிஷம் இரு.

இங்க்ரிட்: மைக்கை அணை, லோர்னா.

லோர்னா: அணைச்சாச்சு டாக்டர். படத்துல அந்தச் சிவப்பு...

இங்க்ரிட்: கோலின்ங்கற ரசாயனம் அங்க எகிறியிருக்கு. நல்ல மூளையில இப்படி வராது. கட்டியா இருக்கலாம்.

லோர்னா: இல்ல, இல்ல! அவனோட புது முறை சொதப்பியிருக்கும். அஞ்சே நிமிஷத்துல மூளை ரசாயனம் மொத்தத்தையும் படம் பிடிக்கறேன்னு மூணு வருஷமா நிக்கிறான்ல? அந்த வேகத்துல தலைத்தோல் கொழுப்போட சிக்னல் படத்துக்குள்ள கசிஞ்சு...

இங்க்ரிட்: அப்ப பழைய முறையில எடு. இருபத்தஞ்சு நிமிஷம் ஆகட்டும்.

லோர்னா: அதுலயும் இருந்தா?

இங்க்ரிட்: எடும்மா.

லோர்னா: ஹால்வர்... பழைய முறையிலயும் ஒண்ணு எடுத்துடறேன்பா.

ஹால்வர்: ஏன்?

லோர்னா: ஒப்பிட்டுப் பார்க்கத்தான். திங்கக்கிழமையிலேர்ந்து நோயாளிகளுக்கு உன் முறைதானே...

ஹால்வர்: குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?

லோர்னா: நேத்து ஹாக்கி மேட்ச்ல கத்தினது. உங்க ஆளுங்க கோல் விட்ட லட்சணத்துக்கு... வாயை மூடு, ஆரம்பிக்கிறேன்.

இங்க்ரிட்: ...இருபத்தஞ்சும் முடிஞ்சுது. நகரு, பார்க்கறேன்.

லோர்னா: சொல்லுங்க டாக்டர்.

இங்க்ரிட்: அதே இடம். அதே சிவப்பு.

லோர்னா: கடவுளே...

இங்க்ரிட்: அவன் முறையில ஒரு குறையும் இல்ல.

லோர்னா: இல்லாம என்ன பிரயோஜனம்!

இங்க்ரிட்: மெதுவா. மைக்கைப் போடு... ஹால்வர்?

ஹால்வர்: ரெண்டு படமும் ஒத்துப்போகுதா, டாக்டர்?

இங்க்ரிட்: போகுது. நீ வெளிய வா. உட்கார்ந்து பேசுவோம்.

ஹால்வர்: இடது பக்கம். காதுக்குக் கொஞ்சம் மேல.

லோர்னா: உனக்கு எப்படி...? யார் சொன்னா?

ஹால்வர்: போன செவ்வாய்க்கிழமை சோதனைக்கும் நான்தான் படுத்தேன், லோர்னா. படத்தை யாருக்கும் காட்டல... மூணு வருஷ உழைப்பும் தப்பாப் போகட்டும்னு வேண்டிக்கிட்டுதான் இன்னிக்கு உள்ள வந்தேன்.