பேச்சாளரை நிறுத்தக் கூடாது

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்தச் சொல்றேளா சார்? பேப்பர் பறக்கறது. பதினாலு பக்கம், குத்தியிருந்த பின்னும் கழண்டு போச்சு. வரிசை மாறிட்டா எனக்கே எரிச்சலா வரும்.

கல்கத்தாவுல தமிழ் பேசற போலீஸ் ஆபீசர் கிடைப்பார்னு நான் எதிர்பார்க்கல. செல்வராஜ்னு பேர்ப் பலகையைப் பார்த்ததும் ஒரு நிம்மதி. பெங்காலி எனக்கு நன்னாவே வரும், இங்கேயே பொறந்து வளர்ந்தவ. ஆனா இந்த மாதிரி விஷயத்தை ஆத்துல பேசற பாஷையிலதான் சரியாச் சொல்ல முடியும்.

என் பேர் பட்டு. பாலிகஞ்ச்ல அந்த ஸ்கூல்ல பத்தொன்பது வருஷமா இங்கிலீஷ் டீச்சர். டிசம்பர்ல பல ஸ்கூல் சேர்ந்து நடக்கற விவாதப் போட்டி என் பொறுப்பு. இந்தப் பதினாலு பக்கம், போட்டி விதிகளும் நடத்தை நெறிகளும், மொத்தமும் நான் எழுதினது. நான் வர்றதுக்கு முன்னாடி அந்த ஹாலைப் பார்த்திருக்கணும் நீங்க. கரியாஹாட் மீன் மார்க்கெட் தோத்துடும். ஒருத்தன் பேசிண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கம் கத்தும். கடைசி வரிசையில உட்கார்ந்துண்டு அப்பாக்காரர் கையை ஆட்டி பாயிண்ட் எடுத்துக் கொடுப்பார். பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டுப் போய் போன்ல பார்த்துட்டு வருவா. ஒவ்வொரு ஓட்டையா நான்தான் அடைச்சேன். அடைச்சதுக்கப்புறம் நாலு ஊர் ஸ்கூல்காரா இந்தப் புஸ்தகத்தைக் கேட்டு வாங்கிண்டு போனா.

உங்களுக்கு எல்லா விதியும் வேண்டாம். இறுதிச் சுற்றுக்குத் தலைப்பை அங்கேயே, அப்போதான் அறிவிப்போம். அறிவிச்ச அஞ்சு நிமிஷத்துக்குள்ள ரெண்டு போட்டியாளரும் ஆளுக்கொரு ரூமுக்குள்ள போயிடணும். வரலேன்னா எதிராளி ஜெயிச்ச மாதிரி. உள்ளே முக்கால் மணி நேரம் தயாரிப்பு. பேப்பர், பேனா, தண்ணி, அவ்வளவுதான். பை வெளியில, மேடையில பேசி முடிக்கற வரைக்கும் தொடக் கூடாது. போன் என்கிட்ட, தகரப் பெட்டியில. சாப்பாடு கிடையாது, ஏன்னா ஒரு வருஷம் சப்பாத்திக்குள்ள சீட்டு வெச்சு அனுப்பினா. அப்புறம் மேடையில ஆளுக்கு எட்டு நிமிஷம். பேசறவாளை யாரும், எதுக்கும் நிறுத்தக் கூடாது. மணி அடிச்சாத்தான் நிறுத்தணும். மணி அடிக்கறது நான்.

என் பொண்ணும் அதே போட்டியில இருந்தாளே, நீங்க எப்படி அங்கே உட்காரலாம்னு நேத்து உங்க எஸ்.ஐ. கேட்டார். நியாயமான கேள்வி. மூணாவது பக்கத்தைப் பாருங்கோ. சொந்தக்காரா நடுவரா இருக்கக் கூடாதுன்னு இருக்கு. மணி அடிக்கக் கூடாதுன்னு இல்ல. நான் எழுதல.

சுபிக்ஷா எங்களுக்கு ஒரே குழந்தை. ப்ளஸ் டூ. அவ அப்பாவுக்கு பேங்க்ல கவுஹாத்தி மாத்தல் ஆகி மூணு வருஷம் ஆச்சு, மாசம் ஒரு தடவை வருவார். பெஹாலாவுல எங்க ஃப்ளாட்டுக்கு எதிர் ஃப்ளாட்தான் மேக்னா. அவ அப்பா கிரிதர் துறைமுகத்துல ஆபீசர், அம்மா மஹிமா. வேற ஸ்கூல், ஆனா ரெண்டு பேரும் ஒரே வயசு, மூணாங்கிளாஸ்லேர்ந்து ஒண்ணா வளர்ந்தா. மேக்னா என்னை மாசின்னு கூப்பிடுவா. இங்க அப்படித்தான், மாசின்னா அம்மாவோட கூடப்பொறந்தவ.

மேக்னாவுக்கு சக்கரை வியாதி. சின்னக் குழந்தைகளுக்கே வருமே, அந்த ரகம். சாப்பாட்டுக்கு முன்னாடி பேனா மாதிரி ஒரு ஊசியை வயித்துல குத்திண்டு, பத்து நிமிஷம் கழிச்சு சாப்பிடுவா. கையில பட்டன் மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கும். சக்கரை இறங்கினா அவ போன் கத்தும். உடனே ஜூஸோ மிட்டாயோ வாயில போட்டுக்கணும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, அவளுக்குப் பதினோரு வயசுல ஒரு சரஸ்வதி பூஜை அன்னிக்கு எங்காத்துக் கூடத்துல மயங்கி விழுந்தா. நான்தான் ஈறுல சக்கரையைத் தேய்ச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு ஓடினேன். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா மூளைக்கு ஆபத்துன்னார் டாக்டர். மஹிமா என் காலைத் தொட்டா. அதையும் எழுதிக்கோங்கோ சார், நான் அவளை ஒரு தடவை காப்பாத்தியிருக்கேன்.

மூணு வருஷமா ஃபைனல்ல சுபிக்ஷாவும் மேக்னாவும்தான். மூணு வருஷமும் மேக்னாதான் ஜெயிச்சா. சுபிக்ஷாவுக்கு விஷயம் தெரியாம இல்ல. நாலாவது நிமிஷத்துல நின்னுடுவா. நன்னாப் போயிண்டே இருக்கும், சட்டுனு என் முகத்தைப் பார்ப்பா, வாய் கட்டிப் போயிடும். போன வருஷம் அப்படி நின்னுட்டு ஆத்துக்கு வந்தவ, படுத்தவ படுத்தவதான். சுவத்தைப் பார்த்துண்டு. தலை வாரிக்க மாட்டேங்கறா, குளிக்க மாட்டேங்கறா. நான் எதுக்கும் லாயக்கில்லம்மா, என்னை விட்டுடும்மான்னா. ஒரு தாயாருக்கு அது எப்படி இருக்கும்னு சொல்லத் தெரியல. பயந்து செத்தேன் சார். அவ ரூம் தாழ்ப்பாளைக் கழட்டி வெச்சேன். ராத்திரியெல்லாம் மூச்சு வர்றதான்னு பார்த்துண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வருஷம்தான் கடைசி வாய்ப்பு. ஜெயிச்சா தேசிய முகாம், அதுக்கப்புறம் எழுந்துடுவா. தோத்தா எனக்கு என் பொண்ணு இல்ல. இதை நான் கூட்டிக் குறைச்சுச் சொல்லல.

போட்டிக்கு ஒரு வாரம் முன்னாடி மஹிமா ஒரு லெட்டரோட வந்தா. டாக்டர் சர்டிபிகேட்டும் கூட. மேக்னா போனை வெச்சுக்கணும், கையில ஜூஸ் இருக்கணும், விதிவிலக்கு வேணும்னு.

"பட்டு, உனக்குத் தெரியாததா. நடுவர்கள்ட்ட ஒரு வார்த்தை சொல்லிடு"ன்னா.

"லெட்டரெல்லாம் எதுக்குடி, நான் இருக்கேன்ல"ன்னேன்.

வாங்கி மேஜை டிராயர்ல வெச்சேன். அங்கேயேதான் இருந்தது. உங்க ஆட்கள் எடுத்துட்டா. நடுவர்கள் மூணு பேர்ல ஒருத்தருக்குக்கூட நான் சொல்லல.

ஃபைனல் தலைப்பை ரெண்டரைக்கு அறிவிப்போம்னு அச்சடிச்சிருந்தோம். நான் ஒண்ணே முக்காலுக்கே தலைப்பை அறிவிச்சேன். ஒரு நடுவருக்கு விமானம் பிடிக்கணும்னு சொன்னேன். அப்படி யாருக்கும் இல்ல. பிள்ளைகளெல்லாம் வராந்தாவுல டிபன் பாக்ஸைத் திறந்து வெச்சுண்டு இருந்தா. சுபிக்ஷா முன்னாடியே சாப்பிட்டுட்டா. நான்தான் ஒரு மணிக்கே சாப்பிடச் சொன்னேன்.

மேக்னா ஓடி வந்தா. "மாசி, ரெண்டே நிமிஷம், நாலு வாய் சாப்பிட்டுட்டு வந்துடறேன்."

"அஞ்சு நிமிஷம்தான்மா ரூல். உனக்கு ஒண்ணு, என் பொண்ணுக்கு ஒண்ணுன்னு இருக்க முடியுமா? ஜூஸ் உள்ளே அனுப்பறேன், போ."

நம்பினா. ஒரு வாய் தயிர் சாதத்தை அள்ளிப் போட்டுண்டு, போனை என்கிட்ட குடுத்துட்டு, பையை வாசல்ல வெச்சுட்டு உள்ளே போனா. ஜூஸ் நான் அனுப்பல. ஒரு தடவை கதவைத் திறந்து கேட்டாளாம், வாசல்ல நின்ன வாலண்டியர் பையன் ரோஹித் என்கிட்ட வந்து சொன்னான். வந்துண்டே இருக்குன்னு சொல்லுன்னேன்.

நீங்க என்னைப் பார்க்கற பார்வை புரியறது. விடாம சொல்லிடறேன். ஒண்ணே முக்கால்ங்கறது நான் முன்கூட்டித் தீர்மானிச்ச நேரம் இல்ல. நான் மைக் பக்கத்துல நின்னுண்டு அவளைத்தான் பார்த்துண்டிருந்தேன். அவ டிபன் பாக்ஸைப் பிரிச்சா. ஊசியை எடுத்தா. சட்டையைக் கொஞ்சம் தூக்கிண்டு குத்திண்டா. மூடியைத் திருகிப் பையில வெச்சா. அதுக்கப்புறம்தான் நான் மைக்கை எடுத்தேன்.

ஒரு முழுச் சாப்பாட்டுக்கான மருந்து உள்ளே போயாச்சு, சாப்பாடு போகல. கொஞ்சம் தடுமாறுவான்னு நினைச்சேன். தடுமாறினாப் போதும், நாலாவது நிமிஷத்துல என் பொண்ணு நிக்கற மாதிரி இவளும் ஒரு தடவை நிக்கட்டும். அவ்வளவுதான் கேட்டேன் பகவான்கிட்ட.

சுபிக்ஷா முதல்ல பேசினா. சுமார்தான். நாலாவது நிமிஷத்துல நின்னா, திரும்பப் பிடிச்சுண்டா. அவ பேசிண்டிருக்கும்போதே என் மேஜை மேல தகரப் பெட்டி அதிர ஆரம்பிச்சுது. சத்தமும் வந்தது. கால்ல போட்டுக்கற சால்வையை அது மேல போட்டேன். நடுவர் ஜெயந்த் திரும்பிப் பார்த்தார். யாரோ அலாரம் வெச்சிருக்கான்னேன்.

அப்புறம் மேக்னா ஏறினா. ரெண்டு நிமிஷம் பிரமாதமாப் பேசினா, அதைச் சொல்லணும். மூணாவது நிமிஷத்துல சொன்னதையே திரும்பச் சொன்னா. நெத்தியில வேர்வை, டிசம்பர் மாசத்துல. காலரைப் பிடிச்சு இழுத்துண்டா. நாக்கு குழறித்து. சின்னப் பசங்க ரெண்டு பேர் சிரிச்சா. ஜெயந்த் பேனாவைத் தூக்கி, நிறுத்தலாமான்னு கேட்டார். பேச்சாளரை நிறுத்தக் கூடாது சார், பதினோராவது விதின்னேன். அவர் தலையை ஆட்டிண்டு ஏதோ எழுதிண்டார். மேக்னா என்னைப் பார்த்து, "மாசி, ஜூஸ்"ன்னா. மைக்ல எல்லாருக்கும் கேட்டுது. நான் நாலு விரலைக் காட்டினேன், இன்னும் நாலு நிமிஷம்னு.

அப்போதான் சுபிக்ஷா எழுந்தா.

"அம்மா, அவளுக்கு சக்கரை லோ ஆறதும்மா. நிறுத்தும்மா."

"எதிரணி குறுக்கே பேசக் கூடாது. உட்காரு. இல்லேன்னா உன்னைத் தகுதிநீக்கம் பண்ணுவேன்."

என் பொண்ணு உட்கார்ந்தா சார். பதினேழு வருஷமா என் சொல்லைத் தட்டாதவ. என் கையில ஸ்டாப்வாட்ச் இருந்ததனால தெரியும், ஐம்பது விநாடி உட்கார்ந்திருந்தா. அப்புறம் மேஜையைத் தள்ளிண்டு மேடைக்கு ஓடினா. அவ ஏறறதுக்குள்ள மேக்னா விழுந்துட்டா, படிக்கட்டு முனையில தலை பட்டு. உடம்பு வெட்டி வெட்டி இழுத்துது. சுபிக்ஷா அவ தலையை மடியில வெச்சுண்டு, "பெட்டியைத் திற, பையை எடு, யாராவது சக்கரை கொண்டு வாங்கோ"ன்னு அலறினா. தகரப் பெட்டியோட சாவி என் இடுப்புல இருந்தது. எட்டு நிமிஷம் ஆனதும் மணி அடிச்சேன். அடிச்சிருக்க வேண்டாம். கை தானா அடிச்சுடுத்து.

பதினோரு நாள் கண்ணைத் திறக்கல. வெள்ளிக்கிழமை காலையில போயிட்டா. மஹிமா ஆஸ்பத்திரி வராந்தாவுல என்னைக் கட்டிண்டு அழுதா. நீயாவது பக்கத்துல இருந்தியே பட்டுன்னா. அப்போ அவளுக்கு எதுவும் தெரியாது.

விபத்துன்னு எழுதலாம்னு எங்க வக்கீல் சொல்றார். வேண்டாம். விபத்துன்னா எதிர்பாராதது. ஐம்பது விநாடி முன்னாடியே எனக்குத் தெரியும், கூடத்துல விழுந்த அன்னிக்குப் பார்த்த அதே முகம். பையில மிட்டாய் இருந்தது, வாசல் பத்தடி. நான் எழுந்திருக்கல. நான்தான் கொன்னேன். அப்படியே எழுதிக்கோங்கோ, கையெழுத்துப் போடறேன். ஆனா எதுக்காகன்னும் எழுதணும். என் பொண்ணு பிழைக்கறதுக்காக.

ஒண்ணு மட்டும் கேட்கலாமா? நேத்து சுபிக்ஷா தானா வந்து உங்ககிட்ட எனக்கு எதிரா வாக்குமூலம் குடுத்தாளாமே. லெட்டர், ஊசி, சால்வை, எல்லாத்தையும் அவளேதான் சொன்னாளாம். எங்காத்துக்காரர் போன்ல அழுதுண்டே சொன்னார். எனக்கு அவ மேல கோவம் இல்ல சார். எவ்வளவு நேரம் பேசினா? நடுவுல நின்னாளா? வாய் கட்டித்தா?

நிக்கவே இல்லையா? ஒரு இடத்துலகூட?

அப்போ, அன்னிக்கு மேக்னா சாப்பிட்டுட்டு வந்திருந்தாலும் என் பொண்ணுதான் ஜெயிச்சிருப்பா.