ஜெனீவாவுக்குப் பசிக்கல

இல்ல டாக்டரம்மா, ஒடம்பு எளைக்கணும்னு வரல. முன்னூத்திப் பத்து பவுண்டு கனத்துக்கிட்டு இப்படிச் சொல்றாளேன்னுதானே பாக்குறீங்க? எளைச்சா நல்லதுதான், முட்டி ரெண்டும் என்னைக் கும்பிடும். ஆனா எனக்குப் பசி நிக்கணும். எந்தங்கச்சி ஜெனீவாவுக்கு நின்ன மாதிரி.

ஆமா, அவளேதான். போன வருஷம் இங்கதான் வயித்தச் சின்னதாக்குற ஆபரேஷன் பண்ணிக்கிட்டா. எங்களுக்குள்ள ஒன்றரை வருஷந்தான் வித்தியாசம். ஒரே கட்டில், ஒரே பசி. அம்மா ஃபிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டாங்க. நான் திருப்புளியால கீலையே கழட்டுவேன், அவ கதவோரம் காவல் நிப்பா. ஸ்கூல்ல எங்களுக்கு வெச்ச பேரெல்லாம் சொன்னா உங்க காதே கூசும். எனக்கு வலிக்கல. பக்கத்துல அவ இருந்தால்ல! அப்புறம் ரெண்டு பேருமே புருஷன விட்டுட்டு பைன் பிளஃப் ஊர்ல ஒரே வீட்டுக்கு வந்துட்டோம்.

டயட்டா? ஏன் பாக்காம! ஒரு தடவ அறுபது பவுண்டு கொறச்சேன். பசியும் கொறையும்னு பாத்தா, அது ரெண்டு மடங்காச்சு. எனக்கு வேலை ஸ்கூல் கேன்டீன்ல. முன்னூறு பிள்ளைங்களுக்குப் பரிமாறிட்டு, கரண்டிய வழிச்சு நக்குவேன். ஆபரேஷனுக்கு முன்னாடி நடத்துற உங்க கிளாஸ்ல இப்பத்தான் படம் போட்டுக் காட்டுறாங்க, எளைக்க எளைக்கப் பசி ஹார்மோன் ஏறும்னு. முப்பது வருஷமா என்னை நானே வாய் கட்டத் தெரியாதவன்னு திட்டிக்கிட்டு இருந்தேனே, அதுக்கு யார் பதில் சொல்றது?

அவளுக்கா? ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டு மாசத்துல சர்ச்சுல ஒரு விருந்து. பொரிச்ச கெளுத்தி மீன், சூடா பீச் பை, அதான் மாவுக்குள்ள பீச் பழம் வெச்சுச் சுடுற இனிப்பு. ஜெனீவா எவளோ ஒருத்திகிட்ட ரோஜாச் செடியப் பத்திப் பேசிக்கிட்டு நிக்கிறா. முழங்கை பக்கத்துலயே அந்தப் பீச் பை இருக்கு. அது பக்கம் திரும்பல. நடிக்கல டாக்டரம்மா, அவ நடிச்சா எனக்குத் தெரியும். என்னடி, வேணாமான்னு கேட்டேன். அட, இங்க இருக்கா, கவனிக்கலக்கான்னா. கவனிக்கலையாம்! நான் அந்த ஹாலுக்குள்ள நுழையுறப்பவே எத்தன துண்டு இருக்குன்னு எண்ணிட்டேன்.

புது கவுனுக்கெல்லாம் நான் பொறாமப்படல. எவனெவனோ அவளுக்கு நாற்காலி இழுத்துப் போடுறான், போட்டுட்டுப் போகட்டும். கார்ல வரப்ப சொன்னா பாருங்க, அக்கா, தலைக்குள்ள எவ்ளோ அமைதியா இருக்கு தெரியுமா, ரெண்டு வாய் தின்னா போதும்னு அதுவே சொல்லுதுன்னு. எனக்குத் தலைக்குள்ள சந்தைக்கடை. அவ மட்டும் வெளிய போயிட்டா. சொல்லிக்காமக்கூடப் போயிட்டா.

ஆங், அவ மயங்கி விழுந்தத ஃபைல்ல எழுதிட்டாங்களா? பிப்ரவரியில அவளுக்கு மயக்கம் வந்தது. காலையில புரோட்டீன் பவுடரக் கலக்கிக் குடிச்ச கால் மணி நேரத்துல வேர்த்துக் கொட்டும், நெஞ்சு தடதடன்னு அடிக்கும், பாத்ரூம் தரையில கெடப்பா. மூணு தடவ. நீங்களும் என்னென்னவோ டெஸ்ட் எடுத்தீங்க. நான் என்ன தப்பு பண்றேன்க்கான்னு அழுதுக்கிட்டே ஒவ்வொரு கரண்டியையும் எடை போட்டா பாவம்.

அடுத்த கேள்வியா? ஆபரேஷனுக்கு அப்புறம் துணைக்கு யாருன்னா, அவதான். இருபது நாள் லீவு சொல்லிட்டா. எனக்கு சூப்பு, பவுடர் எல்லாம் அவ கையாலயே கலக்கித் தருவாளாம். வெளிய கார்ல உக்காந்திருக்கா.

பயமா? அவளப் பாத்தா? இல்லயில்ல. அவ அப்படிப் பண்ண மாட்டா.

அந்தப் பவுடர்ல, இந்த ஆபரேஷன் பண்ணவங்களுக்கு ஆகவே ஆகாத சர்க்கரையக் கலந்தது நான்தான். ஏற்கெனவே இனிப்பு, அவளுக்கு வித்தியாசம் தெரியல. ஆச திரும்பி வருமான்னு பாத்தேன், அவ்ளோதான். மூணாவது தடவ தரையில கெடந்தபடியே என் கையப் புடிச்சு, நீ இல்லேன்னா செத்திருப்பேன்க்கான்னா. அன்னிக்கே டப்பாவக் கொட்டிட்டேன்.

இல்ல, இன்னும் அவகிட்ட சொல்லல. நீங்க எழுதணும்னா எழுதிக்குங்க. ஃபாரத்துல கையெழுத்து இங்கதானே?