தலைக்கு இவ்வளவு

இல்ல சார், உக்கார வேணாம்னு சொல்லல. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும், பாத்து உக்காருங்கன்னு தான் சொன்னேன். வசதியானவங்கன்னு சொல்லி ஏழைங்க பட்டியல்ல இருந்து பேர எடுத்தீங்களே, அந்த வீட்டு ஸ்டூல் தான் இது.

கோவப்படாம பேசணுமா? மனுவத் தூக்கிட்டு நாலு தடவை உங்க ஆபீசுக்கு வந்தேன். நாலு தடவையும் நாளைக்கு வாம்மான்னு அனுப்புனீங்க. வந்த நாளெல்லாம் என் கூலி போச்சே, அதையும் வருமானத்துல சேத்துட்டீங்களா?

போன வருஷம் கணக்கெடுக்க வந்த கண்ணாடிக்காரர் இதே எடத்துல தான் நின்னாரு. வீட்டுக்காரருக்கு என்ன வேலைன்னாரு. பெயிண்ட் அடிக்கிறாருன்னேன். ஒரு நாள் கூலி எவ்ளோன்னாரு. சொன்னேன். அத டக்குனு முப்பதால பெருக்கிட்டாரு! மாசம் முப்பது நாளும் எவன் சார் சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறான்? இந்த மாசம் ஒம்பது நாள் போனாரு. மிச்ச நாளெல்லாம் அந்த மூலைல குந்திக்கிட்டு எங்க சுவத்தப் பாத்துட்டு இருந்தாரு.

நானா? ஓட்டல் லாண்டரில பெட்ஷீட்டுக்கு இஸ்திரி போடறேன். மூணு வருஷமா அதே சம்பளம். டிவில என்னடான்னா, நம்ம மாநிலத்துல சராசரி வருமானம் ஏறிடுச்சாம். எங்க மொதலாளி சம்பாதிக்கிறதையும் எனக்கு வர்றதையும் கூட்டி ரெண்டா வகுத்தா, நானும் கார்ல தான் சார் வேலைக்குப் போகணும்!

சரி, ஒம்பது நாள்னே திருத்திட்டீங்க, சந்தோஷம். என்னது, அப்பவும் வறுமைக் கோட்டுக்கு மேலயா? தலைக்கு இவ்வளவுன்னு வகுக்கணுமா? அந்தப் பேப்பர இப்படித் திருப்புங்க. நாலால வகுத்தா மேல, அஞ்சால வகுத்தா கீழ. அடப்பாவிகளா!

பழைய பட்டியல்ல அஞ்சு பேர்னு இருக்கா? இருக்கும். என்ன, பாத்திர அடுக்கையே பாக்குறீங்க? ஆமா, அஞ்சு தட்டு தான். எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு, பெரியவனுக்கு, சின்னவளுக்கு. அந்த நீலப்பூ போட்டது நடுவுல உள்ளவளோடது. தெனமும் கழுவி வெக்கிறேன்.

சேச்சே, நல்லாத்தான் சார் இருக்கா. கண்ணாடிக்காரர் வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி எங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டேன். அங்க மூணு வேளையும் சோறு இருக்கு. அப்ப அவருக்கு வேலையே இல்ல, ரேஷன் இருந்தும் இங்க மூணு பிள்ளைக்கும் பத்தல. வேலை வந்ததும் கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்க பேர எடுத்து ரேஷன நிறுத்திட்டீங்க. வீட்டுல எத்தன பேருன்னு அவரு கேட்டப்ப வெக்கமா இருந்துச்சு, நாலுன்னுட்டேன். அவள அனுப்புனதுல நாங்க பணக்காரங்க ஆயிட்டோம், அப்படித்தானே?

எப்ப வருவாளா? பட்டியல்ல பேரு வந்தா ரேஷன் வரும். ரேஷன் வந்தா மறுநாளே போய்க் கூட்டிட்டு வந்துருவேன். அதுக்குத்தான் நாலு தடவை உங்க வாசல்ல நின்னேன்.

ஏன் அவளயா? மூணுல எது அழாம இருக்கும்னு பாத்தேன் சார். அவ தான் அழல. எழுதுங்க, அஞ்சு.