பம்பருக்குக் கீழே ஒரு காற்றுக்குழாய்

அந்தத் தகரக் குழாயைப் பார்த்ததும் 'வேலை சுத்தமா இருக்கே' என்று சொன்னீர்கள் பாருங்கள் சார், அதில் எனக்குச் சந்தோஷம்தான். போலீஸ்காரர் வாயால் நல்ல வார்த்தை வாங்குவது லேசுப்பட்ட காரியமா? உட்காருங்கள். யார் செய்தது என்றுதானே கேட்டீர்கள். நான்தான். பலவேசம் கைபட்ட வேலை எப்படி இருக்கும் என்று அனுமந்தன்பட்டிப் பக்கம் எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்வான்.

ஆனால் நல்ல மெக்கானிக்காக இருப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. ஒழுங்காகச் சரிசெய்து அனுப்பிய வண்டி திரும்பி வராது. வண்டி வராவிட்டால் ஆளும் வரமாட்டான். என் பெண்டாட்டி ராஜாத்தி, "கல்லுப் பிள்ளையார்கிட்டகூட ரெண்டு வார்த்த பேசிரலாம், உங்களோட முடியாது" என்று சொல்லிவிட்டுப் போடிக்குப் போனவள், போனவள்தான். அதற்குப் பிறகு இந்த ஒர்க்சாப்பில் ஸ்பேனர் விழும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. பொங்கித் தின்றால் கழுவுவதற்கு ஒரே ஒரு தட்டு. உங்களுக்கு அது புரியாது, உங்கள் ஸ்டேஷன் நிறைய ஆள் இருக்கிறது.

இரண்டாயிரத்து நாலில் ஒச்சாண்டி வந்தான். பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கி, திராட்சை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளாவுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். ஆற்றுக்கு அக்கரையில் தோட்டத்து வீடு. வந்த முதல் நாளே பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை பூராவும் பேசினான். "அண்ணே, சிரிச்சா நல்லாத்தேன் இருக்கீக. சிரிப்புக்கு வரி போட்டுருவாகன்னு பயமா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு சிரித்ததில் தாடை வலித்தது.

அந்த முறை நான் வண்டியை ரொம்ப நன்றாகச் செய்து கொடுத்துவிட்டேன். மாதக்கணக்கில் ஆளைக் காணோம். தப்பு என் மேல்தான். அடுத்த முறை வந்தபோது ஒரு போல்ட்டைக் கொஞ்சம் தளர்வாக விட்டேன். பிறகொரு முறை ஃபேன் பெல்ட். ஆபத்தில்லாத சில்லறைக் கோளாறுகள். அவனும் அலுத்துக்கொள்ளாமல் வந்து பெஞ்சில் உட்காருவான், பேசுவான். யாருக்கும் நஷ்டமில்லை.

பிறகு ஒரு நாள், "மேட்டுல இழுக்க மாட்டேங்குதுண்ணே, மூச்சு வாங்குது" என்றான். எதிர்க்காற்றை வண்டியின் வேகத்தாலேயே இன்ஜினுக்குள் திணிக்கிற மாதிரி ஒரு குழாய் செய்து தருகிறேன் என்றேன். எண்ணெய் டின்னை வெட்டிப் புனலாக மடித்து, ஓரத்தில் ஈயப்பற்று வைத்தேன். முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால் அதன் வாயை நிறுத்தி, மறுமுனையை ரப்பர் ஹோஸால் ஏர் ஃபில்டர் டப்பாவோடு சேர்த்துக் கிளாம்பு போட்டு இறுக்கினேன். கையோடு கையாக அடைத்துக்கிடந்த ஃபில்டரையும் மாற்றினேன். மெட்டு ஏறி இறங்கி வந்தவன், "குதிரையாப் போகுதுண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

உண்மையைச் சொன்னால், இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறுகிற வண்டிக்குள் எந்தக் காற்றும் திணிபடாது. அதற்கு வேகம் வேண்டும். இழுத்தது புது ஃபில்டர். குழாயால் வந்த பலன் ஒன்றுதான்: ரோட்டுத் தூசியை நேராக வாரி உள்ளே அடிக்கும். ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். அதைத் தட்டிச் சுத்தம் செய்ய வாராவாரம் அவன் என்னிடம் வந்தாக வேண்டும். அப்படியே வந்தான். என் வாழ்க்கையில் அதுதான் நல்ல காலம்.

அவனுக்குக் கல்யாணம் ஆனது. சொர்ணலதா நல்ல பெண், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போன ஐப்பசியில் பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னான்.

"மாமனாரு மெட்டுக்கு அங்கிட்டு நெடுங்கண்டத்துல ஏலக்காக் கடைக்குப் பக்கத்துல வீடு பாத்துட்டாகண்ணே. இனி அங்கனதேன் பொழப்பு."

"வண்டிக்கு என்னலே செய்வ?"

"அங்கனயும் ஒர்க்சாப் இருக்குல்ல. நீங்க ஒண்ணும் வெசனப்படாதீக."

நான் வருத்தப்படவில்லை. கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது, வண்டியை விட்டுப் போ என்றேன். குழாயின் வாயைக் கிரில்லிலிருந்து கழற்றி, பம்பருக்கு அடியில் இறக்கி வைத்தேன். "கீழ இருந்தாத்தேன் குளுந்த காத்து வரும்" என்று சொன்னேன். நான் சொன்னால் அவன் மறுபேச்சுப் பேச மாட்டான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கரையிலிருந்து பார்த்தால் முல்லையாற்றுத் தரைப்பாலம் தெரிகிறதல்லவா. அதன் ஓரத்தில் குத்துக்கற்கள் நட்டிருக்கிறார்கள். வெள்ளம் வந்தாலும் கல்லின் தலை தெரிகிறவரை பிக்கப் தாண்டும், முங்கிவிட்டால் இறங்கக் கூடாது. அக்கரையில் திருப்பம் மறைப்பதால் கற்கள் தெரியாது. இக்கரையில் நிற்பவன் பார்த்துக் கையை அசைத்தால்தான் அங்கிருந்து வண்டி இறங்கும். இது எங்கள் வழக்கம், இதில் யாரும் விளையாட மாட்டார்கள். ஆனால் கம்பெனிக்காரன் காற்றுக்குழாயின் வாயைப் பானட்டுக்கு அடியில் உயரத்தில் வைத்திருப்பதால்தான் அந்தக் கணக்கு செல்லும். டீசல் இன்ஜின் காற்றை நசுக்கி ஓடுகிறது. தண்ணீரை நசுக்க முடியாது. ஒரு சொம்புத் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டனைத் தள்ளுகிற ராடு வளைந்து வண்டி நின்ற இடத்தில் நிற்கும்.

ராடு வளைந்தால் இன்ஜினை இறக்க வேண்டும். மதுரையிலிருந்து சாமான் வர வேண்டும். ஒரு மாதமாவது ஆகும், அதுவரை அவன் இங்கேதான். என் எண்ணம் அவ்வளவுதான்.

அவன் கிளம்பிய காலையில் மலையில் நல்ல மழை. சாமான்களை ஏற்றிக்கொண்டு, சொர்ணலதாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அக்கரையில் நிறுத்தி ஹாரன் அடித்தான். நான் பாலத்தைப் பார்த்தேன். கல்லின் தலை தெரிந்தது. கையை அசைத்தேன். நான் பொய் சொல்லவில்லை சார், நீங்கள் நின்றிருந்தாலும் அசைத்திருப்பீர்கள்.

பாதிப் பாலத்தில் வண்டி நின்றது. நான் நினைத்த இடத்திலேயே நின்றது. ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. ஒச்சாண்டி இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். இழுவைக் கயிறு என் காலடியில்தான் கிடந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று காலையிலேயே எடுத்து வைத்திருந்தேன்.

"அண்ணே" என்று கூப்பிட்டான். உள்ளேயிருந்து அவளும் "அண்ணே, அண்ணே" என்றாள். அப்படி ஒரு குரலில் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. பெற்ற தாய்கூட இல்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று நின்றேன். கூப்பிட்டார்கள். நெஞ்சு நிறைந்துபோயிற்று. அடுத்ததையும் கேட்டுவிட்டுக் கயிற்றை எறிவோம் என்று இருந்தேன். அது வரவில்லை.

பாலத்தில் வண்டியும் இல்லை, அவர்கள் இரண்டு பேரும் இல்லை. பிறகு ஆற்றில் குதித்தேன். ஊரே ஓடி வந்தபோது நான் நனைந்து நடுங்கிக்கொண்டு கிடந்தேன். உயிரைக் கொடுத்துத் தேடியவன் என்று சொல்கிறார்கள், நான் ஒன்றும் மறுக்கவில்லை.

எழுதிவிட்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன், எனக்குப் பயமில்லை. ஒரே ஒரு உதவி. ஒச்சாண்டியின் தாய் ராமுத்தாய் இப்போது தினமும் ஆறு தாண்டி எனக்குச் சோறு கொண்டுவருகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து, "எம்புள்ளைக்காக ஆத்துல குதிச்ச சாமியே, இன்னுங் கொஞ்சம் போட்டுக்க" என்பாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை மகனைப் பற்றியே பேசுவாள். இந்தக் காகிதத்தை அவளுக்கு மட்டும் வாசித்துக் காட்டிவிடாதீர்கள். மகன் போய்விட்டான், நானும் இல்லையென்றால் அந்தக் கிழவிக்கு நாதியில்லை. ஒரு மனுஷியைத் தனியாக விடுவது பாவம் சார்.