காட்டுப் பூவரசு

ஆலங்குடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுக்காரரின் மடியில் ஐஸ் மூட்டை சொட்டிக்கொண்டிருந்தது. “சீக்கிரம் போங்கண்ணே” என்று டிரைவரை விரட்டிக்கொண்டிருந்தார்.

“யாருக்குங்க ஐஸு?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“செடிக்குங்க. கொடைக்கானல்லேருந்து கொண்டாந்த காட்டுப் பூவரசு. பேருதான் பூவரசு, மரம் வேற. எலை நம்மூரு வெயிலுக்குச் சுருண்டுபோவுது. ஐஸு வச்சாத்தான் நிமிருது.”

“ஆடு கடிச்சிராதா?”

“கடிச்சா ஆடு செத்துரும். எலை பூராம் வெசம்.”

“வீட்ல சொல்லிட்டீங்களா?”

“பூவரசுன்னு மட்டும் சொன்னேன்.”

“பூவரசுன்னா ஆட்டுக்குத்தானங்க ஒடிச்சுப் போடுவோம்?”

ஐஸ் மூட்டையோடு எழுந்தே விட்டார். மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினார்.

“அடியே, ஆட்ட எங்க கட்டியிருக்க?”

“ஒங்க பூவரசு பக்கத்துலதாங்க. நல்லாத் திங்குது.”